60 எலக்ட்ரான் வோல்ட் குடுத்தா என்ன ஆகும் மிஸ்?

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் சாயங்கால டியூஷன் நடக்கும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர். அன்றைக்கு அயனியாக்கும் ஆற்றல் பாடம், அதாவது ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது, எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில். வழக்கம்போல பலகையில் ஹைட்ரஜனுக்கு 13.6, ஹீலியத்துக்கு முதலில் 24.6, அப்புறம் 54.4 என்று எழுதிப் போட்டுவிட்டு, எலக்ட்ரான்கள் கூடக்கூட மறைத்தல் விளைவு, அதாவது ஓர் எலக்ட்ரான் மேல் உட்கருவுக்கு இருக்கும் இழுப்பை மற்றவை தணிப்பது, எப்படிக் கூடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பெண், அப்பா கடலுக்குப் போகிறவர், ஓரமாக நோட்டில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், ரெண்டு எலக்ட்ரானையும் எடுக்க மொத்தம் 79. ஒண்ணை மட்டும் எடுக்க 24.6. நடுவுல, ஒரு 60 குடுத்தா என்ன ஆகும்?"

நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். ஒரு எலக்ட்ரான் வெளியே போய்விடும், மிச்சம் இருக்கிற 35 சொச்சத்தை அதுவே வேகமாக எடுத்துக்கொண்டு போகும். ஒளி பட்டு எலக்ட்ரான் கிளம்பும் ஐன்ஸ்டீனின் ஒளிமின் விளைவு அதுதானே. தலையாட்டினாள், எழுதிக்கொண்டாள்.

அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அவள் வாய்க்கு வந்த எண்ணாக 60 என்று சொன்னாள், ஆனால் ஹீலியத்தைப் பொறுத்தவரை அது வெறும் எண் இல்லை. 60-க்குச் சற்று மேலே, 60.15 எலக்ட்ரான் வோல்ட்டில், இரண்டு எலக்ட்ரான்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்யும். ஒற்றை எலக்ட்ரானை மட்டும் பார்க்கிற எந்தப் படத்தாலும் அதை விளக்க முடியாது. பரணில் இருந்த என் எம்.எஸ்சி நோட்டை எடுத்தேன். அதை வைத்து அடுத்த நான்கைந்து வகுப்புகளில் அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எலக்ட்ரான் வோல்ட்டை இனி எ.வோ. என்று சுருக்கிக்கொள்கிறேன்.

முதலில் பலகையில் இருந்த அந்த எண்களையே பாருங்கள். ஒரே ஒரு எலக்ட்ரான் மட்டும் மிச்சம் இருக்கும் ஹீலியம் அயனியில் அதைப் பிடுங்க 54.4 வேண்டும், அதாவது 13.6-ஐப் போல நான்கு மடங்கு, உட்கருவின் மின்சுமை இரண்டு என்பதால் இரண்டின் வர்க்கம். கணக்கு அச்சுப் பிசகாமல் வருகிறது. அப்படியென்றால் இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தால் ஆளுக்கு 54.4, மொத்தம் 108.8 வர வேண்டும். உண்மையில் வருவது 79. குறைகிற 29.8 எ.வோ. யாருடையது? முதல் எலக்ட்ரானுடையதா, இரண்டாவதுடையதா? இரண்டுடையதும் இல்லை, அவற்றுக்கு நடுவில் இருக்கும் விலக்கு விசையினுடையது அது. பாடப்புத்தகம் அதை "மறைத்தல்" என்ற ஒரு சொல்லில் அடக்கி, முதல் எலக்ட்ரானின் தலையில் முழுக்கக் கட்டிவிடுகிறது. நானும் பத்து வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பரீட்சைக்கு அது போதும், அணுவுக்குப் போதாது.

1913-ல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் ஹைட்ரஜனை அவ்வளவு அழகாக விளக்கினார். அதே முறையை ஹீலியத்துக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள், அடுத்த பத்து வருஷமும் தோற்றார்கள். ஒரே ஒரு எலக்ட்ரான் கூடினதுக்கு அவ்வளவு பாடு. புது குவாண்டம் இயக்கவியல் வந்த பிறகும் சமன்பாட்டை எழுதத்தான் முடிந்தது, முழுசாகத் தீர்க்க முடியவில்லை, இன்றைக்கும் ஹைட்ரஜனைப் போல ஒரே வரியில் விடை எழுத முடியாது. 1929-ல் நார்வேக்காரரான ஹில்லராஸ் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு எலக்ட்ரானும் உட்கருவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடு நிறுத்தாமல், இரண்டு எலக்ட்ரான்களுக்கும் இடையே உள்ள தூரத்தையும் அலைச்சார்புக்குள்ளேயே, அதாவது எலக்ட்ரான்கள் எங்கே இருக்கக்கூடும் என்று சொல்லும் சூத்திரத்துக்குள்ளேயே, நேரடியாக வைத்தார். கணக்கும் சோதனையும் சட்டென்று ஒட்டிக்கொண்டன. என்னைக் கேட்டால் இந்த விஷயம் முழுக்கவே அந்த ஒரு தூரத்தைப் பற்றியதுதான்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுத்த வகுப்பில் அவளிடமே கேட்டேன். "உங்க அப்பா ஃபைபர் படகுல ரெண்டு பேர் போறாங்கன்னு வச்சுக்கோ. ஒருத்தர் வலை இழுக்க ஒரு பக்கமா எழுந்து நின்னா இன்னொருத்தர் என்ன செய்வார்?"

"அந்தப் பக்கம் சாஞ்சுக்குவார் மிஸ். யாரும் சொல்ல வேணாம், உடம்பே சாயும்."

"சரி, இன்னொருத்தருக்குப் பதிலா அதே எடைக்கு ஒரு மணல் மூட்டையைப் படகு பூரா பரப்பி வச்சா?"

சிரித்தாள். "மூட்டை எங்க மிஸ் சாயும்? படகு ஆடும்."

மணல் மூட்டைக் கணக்குக்கு இயற்பியலில் ஹார்ட்ரீ-ஃபாக் முறை என்று பெயர். ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றதை ஓர் ஆளாகப் பார்க்காமல், சராசரியாகப் பரப்பி வைத்த மின்சுமை மேகமாகப் பார்க்கும். ஹீலியத்துக்கு அது 77.9 எ.வோ. தருகிறது. உண்மை 79. விட்டுப்போன 1.1 எ.வோ. தான் ஓர் ஆள் நகர்ந்ததும் மற்ற ஆள் அந்தக் கணமே சாய்ந்துகொள்வதற்கான கூலி. அதற்கு ஒப்புறவு ஆற்றல் என்று சொல்லலாம். 79-ல் 1.1 என்பது ஒன்றரை சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்கவே 4.5 எ.வோ. தான் ஆகும், வேதியியல் முழுக்க இந்தச் சில எ.வோ.-க்களுக்குள்தான் நடக்கிறது. அதனால் இந்த ஒன்று சின்னது இல்லை.

படகு ஓரளவுக்குத்தான் உதவும். படகில் இரண்டு ஆட்களுக்கும் பெயர் உண்டு, யார் எந்தப் பக்கம் என்று சொல்லலாம். எலக்ட்ரான்களில் அது கிடையாது, இது அது என்று பிரிக்கவே முடியாது. அந்தப் பிரிக்க முடியாமையும் ஆற்றலை மாற்றும். ஹீலியத்தில் ஒரு எலக்ட்ரானை அடிநிலையில் விட்டு மற்றதை இரண்டாம் கூட்டின் எஸ் நிலைக்கு (கூட்டுக்குள் இருக்கும் துணை நிலைகளுக்கு எஸ், பி என்று பெயர்) ஏற்றினால் ஒரே ஒரு ஆற்றல் வர வேண்டும் என்று நினைப்போம். வருவது இரண்டு, 19.8-ம் 20.6-ம். ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் தற்சுழற்சி என்ற பண்பு உண்டு, அதற்கு இரண்டே பக்கம்தான். தற்சுழற்சிகள் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால், தவிர்ப்புத் தத்துவத்தின்படி அந்த எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்கவே முடியாது, ஒன்றையொன்று விட்டு ஒதுங்கியே இருக்கும், விலக்கு குறையும், ஆற்றலும் 0.8 குறையும். ஒதுங்கி வாழ்கிறவர்களுக்குச் சண்டை குறைவு, அவ்வளவுதான். 1926-ல் ஹைசன்பர்க் இதைச் சொல்லும்வரை, ஹீலியம் என்பது இரண்டு வாயுக்களின் கலவையோ என்ற சந்தேகம்கூட இருந்தது, ஏனென்றால் அதன் நிறமாலையில் ஒன்றோடொன்று பேசாத இரண்டு கோட்டுக் குடும்பங்கள் தெரிந்தன. அந்த 19.8 நிலையில் மாட்டிக்கொண்ட ஹீலியம் அணு, யாரும் தொந்தரவு செய்யாவிட்டால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிளர்ச்சியுற்று உட்கார்ந்திருக்கும். அணு உலகில் அது ஒரு யுகம். 20.6 நிலையைக் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் கையாலேயே தொட்டிருப்போம். ஹீலியம்-நியான் லேசரில் ஹீலியம் நியான் மேல் மோதிக் கைமாற்றுவது அந்த ஆற்றலைத்தான், அதிலிருந்துதான் அந்தச் சிவப்புக் கற்றை பிறக்கிறது.

ஹீலியத்தின் முதல் அடையாளம் நம்ம பக்கத்துக் கடலோரத்தில் எடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூரிலும், மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நின்று சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அங்கே தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தினுடையது இல்லை என்று பிறகு தெளிவானது, ஹீலியம் என்ற பெயரும் வந்தது. பூமியில் அந்த வாயுவை ராம்சே பிடித்தது 1895-ல்தான். அந்த மஞ்சள் கோடும் தற்சுழற்சி ஒரே பக்கமாக இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது அன்றைக்கு அவர்கள் பார்த்தது ஒதுங்கி நிற்கும் இரண்டு எலக்ட்ரான்களை. அவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, எலக்ட்ரானே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்போது 60-க்கு வருகிறேன்.

இதுவரை சொன்ன கிளர்ச்சிகளில் எல்லாம் ஒரு எலக்ட்ரான்தான் மேலே போகும், மற்றது அடிநிலையில் இருக்கும். இரண்டும் சேர்ந்து மேலே போனால்? இரண்டுமே இரண்டாம் கூட்டில், ஒன்று எஸ், ஒன்று பி? அந்த நிலைக்குத்தான் 60.15 எ.வோ. ஆகிறது. இதில் விசித்திரம் என்னவென்றால், 24.6 கொடுத்தாலே ஒரு எலக்ட்ரான் வெளியே போய்விடக்கூடிய அணு, அதைப்போல இரண்டரை மடங்கு ஆற்றலை வைத்துக்கொண்டும், கொஞ்ச நேரம் இரண்டையும் உள்ளேயே வைத்திருக்கிறது. ஆற்றல் இருக்கிறது, ஆனால் இரண்டு பேரிடமும் பங்காக இருக்கிறது, யாரிடமும் தனியாக வெளியேறப் போதுமான அளவு இல்லை. அப்புறம் ஒரு கணத்தில் ஒன்று கீழே அடிநிலைக்கு இறங்கும், இறங்கும் ஆற்றல் முழுவதையும் மற்றதன் கையில் கொடுக்கும், மற்றது வெளியே போய்விடும். வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை. இதற்குத் தன் அயனியாக்கம் என்று பெயர். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்றால் சுமார் 17 ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அந்தத் துணுக்கில் ஒன்றை இன்னும் பத்தாகப் பிரித்தால் வருவது ஒரு ஃபெம்டோ வினாடி.

ஒளித்துகள் ஒன்று ஒரு எலக்ட்ரானோடு மட்டும்தான் நேரடியாக வேலை செய்யும். எனவே எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் ஒரே ஒளித்துகளால் இரண்டையும் ஏற்றியிருக்கவே முடியாது. இந்த நிலை ஒளியில் தெரிகிறது என்பதே அவை சேர்ந்து நடக்கின்றன என்பதற்குச் சாட்சி. 1963-ல் மேடன், காட்லிங் என்ற இருவர் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் இதைப் பார்த்தார்கள். 20 நானோமீட்டர் பக்கத்தில் தொடர்ச்சியான ஒளி தரும் விளக்கு அன்றைக்குக் கிடையாது. எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் வட்டமாகச் சுற்றவிட்டால் அவை சிந்தும் ஒளி இருக்கிறதே, சிங்க்ரோட்ரான் ஒளி, அதை எடுத்து ஹீலியத்துக்குள் விட்டார்கள். இரண்டு கோட்டு வரிசைகள் தெரிய வேண்டும் என்று கணக்கு சொன்னது, ஒரு எலக்ட்ரான் எஸ்ஸில் இருந்து மற்றது பி-யில் ஏறும் வரிசை ஒன்று, அது தலைகீழாக மற்றொன்று. பார்த்தால் ஒரே ஒரு வரிசைதான் பளிச்சென்று இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதே வருஷம் கூப்பர், ஃபானோ, பிராட்ஸ் மூவரும் விளக்கினார்கள்: எந்த எலக்ட்ரான் எஸ், எது பி என்று கேட்பதே தவறு. இரண்டு வழியும் கலந்துதான் இருக்கும், கூட்டிக் கலந்த ஒன்று, கழித்துக் கலந்த ஒன்று. ஒன்றில் இரண்டு எலக்ட்ரான்களும் உட்கருவை நோக்கி ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் விலகும், இன்னொன்றில் ஒன்று வர மற்றது போகும். ஒளிக்கு முதல் வகைதான் வசப்படுகிறது. கபடியில் கைகோத்து நிற்கும் இரண்டு பேரைப் போல, தனித்தனி ஆட்டக்காரர்களாக எண்ணினால் எண்ணிக்கை சரிவராது.

அந்தக் கோடுகளின் உருவமும் விநோதமானது. சாதாரண நிறமாலைக் கோடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியும் குன்று. இவை ஒரு பக்கம் உயர்ந்து, மறு பக்கம் பள்ளமாகக் குழிந்து இருந்தன. ஆர்கான், கிரிப்டான், செனான் வாயுக்களில் இப்படிப்பட்ட கோடுகளை 1935-லேயே பாய்ட்லர் பார்த்திருந்தார், ரோமில் ஃபெர்மியோடு வேலை செய்துகொண்டிருந்த இளைஞர் ஃபானோ அதே வருஷம் விளக்கமும் கொடுத்தார். 1961-ல் அவர் அதை விரித்து எழுதியது இயற்பியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. விஷயம் இதுதான். 60.15 எ.வோ. வாங்கிய ஹீலியம், எலக்ட்ரானை வெளியே விட இரண்டு பாதை உண்டு. ஒன்று நேராக விடுவது. இன்னொன்று இரண்டும் மேலே போய், 17 ஃபெம்டோ வினாடி தங்கி, பிறகு ஒன்றை விடுவது. இரண்டிலும் முடிவில் கிடைப்பது ஒரே அயனி, ஒரே வேகத்தில் போகும் ஒரே எலக்ட்ரான். எந்தப் பாதையில் வந்தது என்று சொல்ல எந்தத் தடயமும் இல்லை. தடயம் இல்லாதபோது பாதைகள் அலைகளாகத்தான் கூடும். நம்ம கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரத்தில் இரண்டு பக்கத்து அலை மோதும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள், ஓர் இடத்தில் எழும்பும், பக்கத்திலேயே அடங்கிக் கிடக்கும். ஹீலியத்திலும் 60.15-க்குப் பக்கத்தில் உறிஞ்சுதல் எழும்புகிறது, 60.2-க்கு வந்தால் இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒளி ஏறக்குறைய தடையில்லாமல் ஊடுருவிப் போகிறது. வெளியே போக ஆற்றல் தாராளமாக இருந்தும் எலக்ட்ரான் போகவில்லை. 2016-ல் இந்தக் கோடு உருவாவதையே கொஞ்சம் கொஞ்சமாக, ஃபெம்டோ வினாடிக் கணக்கில், படம்பிடித்தார்கள். அதைச் செய்த குழுக்களில் ஒன்று பாரிஸ் பக்கத்தில் சாக்லேயில் இருக்கிறது.

ஆக, அவள் கேள்விக்கு நேரான விடை: சரியாக 60 கொடுத்தால் நான் முதலில் சொன்னதுதான் பெரும்பாலும் நடக்கும், 60.15 கொடுத்தால் அதோடு இந்த இரட்டை நடையும் சேர்ந்துகொள்ளும், 60.2 கொடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது.

சாக்லே என்றதும் என் எம்.எஸ்சி நாட்கள் ஞாபகம் வருகின்றன. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் கன்னியகோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று புதுச்சேரிக்குப் போய் வருவேன். ஒருநாள் அணு நிறமாலை வகுப்பில், லேசரால் ஒரு அணுவிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை எடுத்தால் அவை ஒன்றன் பின் ஒன்றாகப் போகுமா, சேர்ந்து போகுமா என்று கேட்டேன். சிலபஸில் இல்லை, உட்கார் என்று பதில் வந்தது. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது, இன்றைக்கும் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் அந்த "உட்கார்" காதில் விழுகிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலோரம் அதையே யோசித்தேன். அதே கேள்வியைத்தான் 1980-களின் தொடக்கத்தில் சாக்லேயில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஆன் லூலியே செனானை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, 2023-ல் அவருக்கு அகோஸ்தினி, கிராவுஸ் இருவரோடும் சேர்த்து நோபல் கிடைத்தபோதுதான் தெரிந்தது. விடை, சேர்ந்தும் போகும் என்பது. பிறகு ஹீலியத்தில் அளந்தபோது, ஒன்றன் பின் ஒன்றாகப் போவதாக வைத்துப் போட்ட கணக்கைவிட இரண்டு எலக்ட்ரானையும் இழந்த அயனிகள் சில லேசர் செறிவுகளில் பத்து லட்சம் மடங்குவரை அதிகமாக வந்தன. காரணத்தை 1993-ல் கார்க்கம் என்ற இயற்பியலாளர் எளிமையாகச் சொன்னார். லேசரின் மின்புலம் முதல் எலக்ட்ரானை வெளியே இழுக்கும், அரை அலை கழிந்து புலம் திசை மாறும், போன எலக்ட்ரான் வேகமெடுத்துத் திரும்பி வந்து தன் அணுவின் மேலேயே மோதும். உள்ளே இருக்கும் இரண்டாவதைத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டு போகும்.

நியான் கதையையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2010-ல் ஜெர்மனியில் ஓர் அளவீடு: நியானின் எஸ் எலக்ட்ரானும் பி எலக்ட்ரானும் ஒளி பட்டதும் ஒரே நேரத்தில் கிளம்பவில்லை, பி-க்கு 21 அட்டோ வினாடி தாமதம். அட்டோ என்பது ஃபெம்டோவில் ஆயிரத்தில் ஒன்று. கோட்பாட்டாளர்கள் எவ்வளவு முயன்றும் அந்த 21 வரவில்லை, பாதிதான் வந்தது. ஏழு வருஷம் கழித்து, சுவீடனுக்குப் போய்விட்ட லூலியேயின் குழு இன்னும் நுணுக்கமாக ஆற்றலைப் பிரித்து அளந்தபோது புதிர் அவிழ்ந்தது. ஒரு எலக்ட்ரான் கிளம்பும் அதிர்ச்சியில் இன்னொன்று மேல் மட்டத்துக்குக் குலுங்கி ஏறிவிடும் நிகழ்வும் உண்டு. அதில் வெளியேறும் எலக்ட்ரானின் ஆற்றல், எஸ் எலக்ட்ரானின் ஆற்றலுக்கு மிக அருகில் இருந்து, இரண்டும் கலந்து தெரிந்திருந்தது. அதைப் பிரித்ததும் கணக்கும் அளவும் ஒத்துப்போயின. ஏழு வருஷம் எல்லோரையும் அலையவிட்டது, கூட்டத்தில் கவனிக்காமல் விடப்பட்ட அந்த இரண்டாவது எலக்ட்ரான்.

கடைசியாக 79. போன வாரம் அவளே அங்கே வந்து சேர்ந்தாள். "79-க்கு மேல குடுத்தா ரெண்டும் போயிடும்ல மிஸ்? எந்தப் பக்கம் போகும்?" நீயே சொல் என்றேன். படகை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, நடுவில் ஒரு புள்ளி வைத்து, எதிரெதிராக இரண்டு அம்பு போட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1953-ல் வானியர் என்ற இயற்பியலாளர் சொன்னது அந்தப் படம்தான். மெதுவாக வெளியேறும் இரண்டு எலக்ட்ரான்கள் இரண்டுமே தப்பிக்க வேண்டுமென்றால் உட்கருவுக்கு இரு பக்கமும் சம தூரத்தில் போக வேண்டும். ஒன்று கொஞ்சம் பின்தங்கினாலும் முன்னே போவது அதற்குத் திரையாகாது, உட்கரு அதைத் திரும்பப் பிடித்துவிடும். அதனால்தான் எலக்ட்ரானை மோதி ஹீலியத்தை அயனியாக்கும்போது (மோதியது ஒன்று, வெளியே வருவது ஒன்று, ஆக இங்கும் இரண்டு), வாசல் ஆற்றலைத் தாண்டியதும் நிகழ்தகவு நேர்கோட்டில் ஏறாமல், உபரி ஆற்றலின் 1.127-ஆம் அடுக்காக ஏறுகிறது. மான்செஸ்டரில் 1974-ல் அளந்து உறுதி செய்தார்கள்.

"ஆனா ஒண்ணு," என்றேன். "ஒளி குடுத்து எடுக்கறப்ப, ரெண்டும் ஒரே வேகத்துல சரியா எதிரெதிரா போறது மட்டும் தடை. ஒளி தன்னோட சுழற்சி உந்தத்தையும் சேர்த்துக் குடுக்குது. அந்தச் சமச்சீர் அதுக்கு ஒத்துவராது."

ரப்பரை எடுத்து ஓர் அம்பை அழித்தாள். கொஞ்சம் சாய்த்துப் போட்டு என் பக்கம் நோட்டைத் திருப்பினாள். சரி என்றேன். அடியில் லித்தியம் என்று எழுதி, புள்ளியைச் சுற்றி மூன்று எலக்ட்ரான் வைத்து, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கோடு இழுக்க ஆரம்பித்தாள். "மூணு கோடு வருது மிஸ். நியானுக்கு?"

பத்து எலக்ட்ரானுக்கு நாற்பத்தைந்து என்று நான் சொல்வதற்குள் அவளே எண்ணத் தொடங்கியிருந்தாள்.